ஒத்திகையே பாடம்: அமெரிக்கப் பள்ளி நாடகமும் பதின்பருவமும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் ஆண்டுக்கு இரண்டு நாடகங்கள் அரங்கேறுவது வழக்கம். இலையுதிர் காலத்தில் ஒரு வசன நாடகம். குளிர் தணியும் வேளையில் ஓர் இசை நாடகம். இரண்டு மூன்று இரவுகள் நடக்கும். பெற்றோரும் உற்றாரும் வந்து கைதட்டிப் பூங்கொத்து கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு மேடையைக் கழற்றி அடுக்கிவிட்டு எல்லாரும் வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள்.

அந்த மேடையில் நின்ற பிள்ளைகளில் நடிப்பைத் தொழிலாகக் கொள்பவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் செவிலியராகவும் கணக்கராகவும் கடை மேலாளராகவும் ஆகிறார்கள். அப்படியானால் பத்துப் பன்னிரண்டு வாரம் மாலை நேரத்தையெல்லாம் விழுங்கிய அந்த உழைப்பு அவர்களுக்கு என்ன கொடுத்தது?

இந்தக் கேள்விக்கு மூன்று பதில்கள் வழக்கமாக வரும். மதிப்பெண் கூடும், கூச்சம் போகும், பிறர் மனம் புரியும். இவற்றை உளவியலாளர்களும் கல்வி ஆய்வாளர்களும் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சோதித்து வருகிறார்கள். அவர்கள் கண்டதைச் சேர்த்துப் படித்தால், முதல் பதிலுக்கு ஆதாரம் மெலிவு என்றும் மூன்றாவதற்கு ஓரளவு உண்டு என்றும் தெரிகிறது. அதற்கும் மேலாக ஒன்று புலப்படுகிறது. பிள்ளையை மாற்றுவதில் அரங்கேற்ற இரவுக்கு உள்ள பங்கு சிறிது. அதற்கு முந்தைய வாரங்களின் ஒத்திகைக்கு உள்ள பங்கு பெரிது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

பள்ளிக்குள் நாடகம் வந்த வழி

அமெரிக்கப் பள்ளி நாடகத்துக்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று, பார்வையாளருக்காக நாடகம் போடும் மரபு. 1929-ல் மேற்கு வர்ஜீனியாவின் ஃபேர்மான்ட் நகரில் உயர்நிலைப் பள்ளி நாடக மாணவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. பண்டைய கிரேக்க நடிகர் தெஸ்பிஸின் பெயரைத் தாங்கிய அந்தத் தெஸ்பியன் சங்கம் இன்றும் நாடெங்கும் கிளை பரப்பி நிற்கிறது. நடிப்பவர்களுக்கு மட்டுமின்றி விளக்குப் போடுபவர்களுக்கும் உடை தைப்பவர்களுக்கும் அதில் இடம் உண்டு என்பது கவனிக்கத்தக்கது.

இன்னொரு வேர், பார்வையாளரே இல்லாத நாடகம். இல்லினாய் மாநிலத்தின் எவன்ஸ்டனில் வினிஃப்ரெட் வார்ட் 1920-களிலேயே எழுதிய வசனமின்றிக் குழந்தைகளே கதையை நடித்துக் கண்டடையும் முறையை வகுப்பறையில் வளர்த்தார். சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளோடு வேலை செய்த வயோலா ஸ்போலின், சொல்லிக் கொடுத்து வராத நடிப்பை விளையாட்டின் மூலம் வரவழைக்கலாம் என்று கண்டார். அவர் 1963-ல் வெளியிட்ட கையேட்டின் விளையாட்டுகளே இன்றும் பள்ளி நாடக வகுப்பின் முதல் பத்து நிமிடங்களை நிரப்புகின்றன. ஒருவர் அசைவதை எதிரில் நிற்பவர் கண்ணாடிபோல அப்படியே செய்துகாட்டும் பயிற்சி அவற்றில் ஒன்று. யார் முதலில் அசைந்தார், யார் பின்பற்றினார் என்று பார்ப்பவருக்குத் தெரியாத அளவுக்கு இருவரும் ஒன்றிவிட வேண்டும். எதிராளியின் கண்ணிலிருந்து பார்வையை எடுத்தால் ஆட்டம் கெட்டுவிடும்.

பதின்வயதினரை நாடகத்தில் ஈடுபடுத்துவது தமிழுக்குப் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும், பின்னாளில் எம்.ஜி.ஆர். சிறுவனாகச் சேர்ந்த மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியும் சிறுவர்களை வைத்தே நடந்தவை. டி.கே.எஸ். சகோதரர்கள் அந்த வழியில் வந்தவர்கள். ஆனால் ஒரு வேறுபாடு முக்கியம். பாய்ஸ் கம்பெனியில் நாடகம் பிழைப்பு. அது பள்ளிப் படிப்பின் இடத்தை எடுத்துக்கொண்டது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியிலோ நாடகம் படிப்புக்குள்ளேயே ஓரிடம் கேட்டு நிற்கிறது. எல்லாரும் கலைஞராக வேண்டும் என்பது அங்கே நோக்கமில்லை. ஆகவேதான் அதன் பயன் என்ன என்ற கேள்வி அங்கே ஓயாமல் எழுகிறது.

மதிப்பெண் கணக்கு

பள்ளி நிர்வாகத்திடம் நாடகத்துக்குப் பணம் கேட்கும்போது முதலில் எடுத்து வைக்கப்படும் வாதம் மதிப்பெண்தான். அதற்கு வலுவூட்டியவர் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கேட்டரால். 1988-ல் எட்டாம் வகுப்பில் இருந்த சுமார் 25,000 மாணவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த தேசியக் கணக்கெடுப்பின் தரவுகளை அவரும் சகாக்களும் ஆராய்ந்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வசதி குறைந்த குடும்பப் பிள்ளைகளில் நாடகத்தில் தொடர்ந்து ஈடுபட்டவர்கள், ஈடுபடாத அதே நிலைப் பிள்ளைகளைவிட வாசிப்புத் திறனில் முன்னேறியிருந்தார்கள். தன்னைப் பற்றிய மதிப்பீடும், வேறு இனத்தவரிடம் சகிப்பும் அவர்களிடம் கூடியிருந்தன.

கேட்க இனிப்பான முடிவு. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. நாடகத்தில் சேர்வதும் சேராததும் பிள்ளையின் விருப்பம். வாசிப்பில் நாட்டமுள்ளவளே நாடகத்தைத் தேடிப் போயிருக்கலாம். அப்படியானால் நாடகம் அவளை வாசிப்பவளாக்கவில்லை. வாசிப்பு அவளை நாடகத்துக்கு அழைத்து வந்தது. ஹார்வர்டின் ஆய்வுத் திட்டமொன்றில் எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் 1950 முதல் 1999 வரை கலையையும் கல்வியையும் இணைத்து நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, 2000-ல் வெளியிட்ட முடிவு பலரைச் சங்கடப்படுத்தியது. கலை பயிலும் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் எடுக்கிறார்கள் என்பது உண்மை. கலைதான் அந்த மதிப்பெண்ணைக் கொண்டுவந்தது என்பதற்குச் சான்று இல்லை. பல்கலைக்கழகங்கள் பல திறமையுள்ள மாணவரைத் தேடுவதால், நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே கலையிலும் சேர்கிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அதே தொகுப்பில் நாடகத்துக்கு ஒரு விதிவிலக்கு கிடைத்தது. ஆன் பொட்லோஸ்னி 80 ஆய்வுகளை எடுத்து அலசினார். ஒரு கதையை வாசித்துப் பேசிவிட்டு விடுவதைவிட, அதை வகுப்பில் எழுந்து நடித்துப் பார்த்த பிள்ளைகள் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நடிக்காத புதிய கதைகளை வாசிக்கும்போதும் அந்தத் திறன் உடன் வந்தது. கலைக் கல்வியில் காரணத்தையும் விளைவையும் நம்பிக்கையோடு இணைக்க முடிந்த ஒருசில இடங்களில் இது ஒன்று.

இதிலிருந்து ஒரு குறிப்பைப் பிடிக்கலாம். அந்த 80 ஆய்வுகள் பேசுவது மேடையும் விளக்கும் இல்லாத வகுப்பறை நடிப்பைப் பற்றி. கைதட்டல் இல்லை, உடையலங்காரம் இல்லை. ஒரு பாத்திரம் ஏன் இப்படிப் பேசுகிறது என்று யோசித்து, எழுந்து நின்று, பேசிப் பார்த்தது மட்டும்தான் நடந்தது. ஒத்திகையின் சாரம் அதுவே.

டொரன்டோவில் கிளென் ஷெல்லன்பர்க் நடத்திய சோதனையும் வேறு திசையிலிருந்து இதையே சொல்கிறது. ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரை நான்கு குழுவாகச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு குழுவுக்கு விசைப்பலகை, ஒன்றுக்குப் பாட்டு, ஒன்றுக்கு நாடகம், ஒன்றுக்கு எதுவும் இல்லை என்று ஒரு கல்வியாண்டு கற்பித்தார். இசைதான் அறிவுத்திறனைக் கூட்டுகிறதா என்று பார்ப்பதே அவர் நோக்கம். நாடகக் குழு ஒப்பீட்டுக்காக வைக்கப்பட்டது. 2004-ல் வெளியான முடிவில் இசைக் குழுக்களின் அறிவுத்திறன் மதிப்பு மற்ற குழுக்களைவிடச் சிறிது அதிகமாகக் கூடியிருந்தது. நாடகக் குழுவில் அந்தக் கூடுதல் உயர்வு இல்லை. ஆனால் மற்ற எந்தக் குழுவிலும் காணாத ஒன்று அங்கே கூடியிருந்தது: பிறரோடு இணங்கிப் பழகும் திறன். ஒப்பீட்டுக்கு வைத்த குழுவே தனக்கென ஒரு விடையோடு வந்தது.

இன்னொருவராக நிற்பது

பிறர் மனம் புரியும் என்ற மூன்றாவது பதிலைப் பதின்வயதினரிடம் சோதித்தவர் தாலியா கோல்ட்ஸ்டைன். அவரும் எலன் வின்னரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், கலைக்கென அமைந்த உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினர் நடிப்புப் பயின்றார்கள். மற்றவர்கள் ஓவியம், இசை போன்றவற்றைப் பயின்றார்கள். ஓராண்டுக்குப் பின் பார்த்தபோது, நடிப்புப் பயின்றவர்களிடம் பரிவும், எதிராளியின் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகித்தறியும் திறனும் கூடியிருந்தன. ஒப்பிடப்பட்டவர்களும் கலை மாணவர்களே என்பதால், கலையார்வம்தான் காரணம் என்று தள்ளிவிட முடியாது. எனினும் ஆய்வுக் குழு சிறியது; சீட்டுப் போட்டுப் பிரித்ததும் அல்ல. உறுதியான முடிவு என்பதைவிட நம்பத்தக்க தடயம் என்று கொள்வதே முறை.

அந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்று பார்க்க ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்க்கலாம். தார்ன்டன் வைல்டர் 1938-ல் எழுதிய 'எங்கள் ஊர்' நாடகம் அமெரிக்கப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடிக்கப்படுவது. மேடையில் இரண்டு மேசை, சில நாற்காலி, ஓரிரு ஏணி, மற்றதெல்லாம் பாவனைதான். செலவு குறைவு, பாத்திரங்கள் அதிகம். பள்ளிக்கு ஏற்ற நாடகம். அதன் மூன்றாம் அங்கத்தில், பிள்ளைப்பேற்றில் இறந்துபோன எமிலி, தன் வாழ்நாளில் ஒரு நாளைத் திரும்ப வாழ அனுமதி பெற்று, பன்னிரண்டாவது பிறந்தநாளின் காலைப்பொழுதுக்கு வருகிறாள். அம்மா அடுப்படியில் காலை உணவு செய்துகொண்டிருக்கிறாள். இனி நடக்கப்போவதெல்லாம் மகளுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது.

பதினாறு வயதுப் பெண்ணிடம் இந்தக் காட்சியைக் கொடுத்தால் முதல் ஒத்திகையில் அவள் அழுவாள். துயரக் காட்சி, ஆகவே அழ வேண்டும் என்று நினைப்பாள். நல்ல நாடக ஆசிரியர் அங்கே நிறுத்துவார். எமிலிக்கு இந்த நொடி என்ன வேண்டும் என்று கேட்பார். யோசித்தால் விடை எளிது: அம்மா ஒரு தரம் நிமிர்ந்து தன்னைப் பார்க்க வேண்டும். அதற்காக அவள் என்னென்ன செய்து பார்க்கிறாள்? குரலை உயர்த்துகிறாளா, கிட்டப் போகிறாளா, குழந்தைபோலக் கொஞ்சுகிறாளா? அம்மாவாக நடிப்பவளுக்கும் வேலை உண்டு. கண்ணுக்குத் தெரியாத அடுப்பில் கண்ணுக்குத் தெரியாத சட்டியை வைத்து, வேலை கெடாமல் மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்பில்லாதவளாக அல்ல, வேலையில் இருப்பவளாக. நாலைந்து முறை செய்து பார்த்த பிறகு எமிலியாக நடிப்பவள் அழுவதை மறந்துவிடுகிறாள், கேட்கத் தொடங்குகிறாள். காட்சி அப்போதுதான் எழுந்து நிற்கிறது.

இதில் நடந்த பயிற்சி கூர்ந்து நோக்கத்தக்கது. தன் உணர்ச்சியைக் காட்டுவதை விட்டு, எதிரில் இருப்பவரின் மனம் எங்கே இருக்கிறது என்று பார்க்க அந்தப் பெண் பழகினாள். ஒருவர் விரும்புவது வேறு, சொல்வது வேறு, செய்வது வேறு என்பதைத் தன் உடம்பாலேயே கண்டாள். அரங்கேற்றத்தில் இதைக் கற்றுக்கொள்ள முடியாது; அங்கே நிறுத்தித் திரும்பச் செய்ய வழியில்லை.

நடிப்புப் பயில்பவர்கள் முகமூடி போடக் கற்றுக்கொள்கிறார்கள் என்றொரு பழைய சந்தேகம் உண்டு. உணர்ச்சியை வெளிக்காட்டாமல் அடக்கி வைக்கும் பழக்கம் நடிப்பு வகுப்பில் என்னவாகிறது என்றும் கோல்ட்ஸ்டைனும் சகாக்களும் ஆராய்ந்து 2013-ல் எழுதினார்கள். அவர்கள் கண்டது சந்தேகத்துக்கு எதிரானது: நடிப்புப் பயின்றவர்களிடம் அந்த அடக்கிவைக்கும் பழக்கம் குறையவே செய்தது.

பெயர்ப்பட்டியல் ஒட்டிய நாள்

நாடகத்துக்கு வெளியே, நாடகம் போடும் வேலையிலேயே உணர்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. யாருக்கு என்ன பாத்திரம் என்ற பட்டியல் ஒட்டப்படும் நாள் அதற்குச் சான்று. கதாநாயகி வேடத்தை எதிர்பார்த்தவளுக்குக் கூட்டத்தில் நிற்கும் வேடம் கிடைத்திருக்கும். அவள் ஆசைப்பட்ட வேடம் நெருங்கிய தோழிக்குப் போயிருக்கும். மறுநாள் மாலை இருவரும் ஒரே அறையில் ஒரே பாட்டைப் பாட வேண்டும். இடையில் ஓர் இரவு இருக்கிறது, அவ்வளவுதான்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரீட் லார்சனும் ஜேன் பிரவுனும் இப்படியொரு பள்ளி நாடகத் தயாரிப்பைத் தொடக்கம் முதல் முடிவுவரை உடனிருந்து பார்த்தார்கள். 14 முதல் 17 வயதுவரையான மாணவர்களைத் தயாரிப்பின் போக்கில் மீண்டும் மீண்டும் சந்தித்துப் பேசி, 2007-ல் குழந்தை வளர்ச்சி உளவியலின் முன்னணி இதழொன்றில் எழுதினார்கள். பதின்வயதினர் உணர்ச்சிகளைக் கையாள எப்படிக் கற்கிறார்கள் என்பதே கேள்வி. அவர்கள் கண்டது மூன்று விஷயங்கள்.

முதலாவது, பிள்ளைகள் தாங்களே அதைக் கற்கிறார்கள். ஏமாற்றம், கோபம், பயம், பொறாமை, பெருமிதம் எல்லாம் ஒரு தயாரிப்புக்குள் திரும்பத் திரும்ப வந்துபோவதால், அது எதனால் வருகிறது, வந்தால் வேலை எப்படிக் கெடுகிறது, எதைச் செய்தால் தணிகிறது என்று தாங்களே கவனித்துத் தெரிந்துகொள்கிறார்கள். இரண்டாவது, அந்தக் கல்வி உணர்ச்சி சுடச்சுட இருக்கும்போதுதான் நடக்கிறது. கோபத்தைப் பற்றிய பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுச் சொல்லித்தர முடியாது. மூன்றாவது, அவர்கள் வெறுங்கையோடு கற்பதில்லை. அந்த நாடகக் குழுவுக்கென்று ஒரு பண்பாடு இருக்கிறது. பிழை செய்தவரை இங்கே ஏளனம் செய்வதில்லை, வருத்தமிருந்தால் சொல்லலாம், ஒருவரின் எரிச்சல் எல்லாரையும் தொற்றும், ஆகவே அதை வாசலில் விட்டு வா. இந்த மாதிரி எழுதாத விதிகளை ஆசிரியரும் மூத்த மாணவர்களும் பேச்சிலும் நடத்தையிலும் புகட்டுகிறார்கள்.

இந்த மூன்றாவது கூறுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதே ஏமாற்றமும் அதே பொறாமையும் ஏளனம் நிறைந்த குழுவில் வந்தால் பிள்ளை நொறுங்கும். நாடகம் தானாக யாரையும் நல்லவராக்கிவிடாது; அது உணர்ச்சிகளைக் கிளப்பிவிடும், அவ்வளவே. கிளம்பியதை என்ன செய்வது என்று காட்டும் பெரியவர் அருகில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

கறுப்புச் சட்டைக்காரர்கள்

நாடகம் என்றதும் நடிகர்களைப் பற்றியே பேசுகிறோம். பள்ளி நாடகத்தில் இருட்டில் நிற்பவர்களும் உண்டு. காட்சி மாறும்போது பார்வையாளர் கண்ணில் படாமலிருக்கக் கறுப்பு உடை அணிந்து மேசை நாற்காலிகளை நகர்த்துவோர், விளக்கை இயக்குவோர், ஒலி, உடை, அரங்கப் பொருட்கள் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வோர். இவர்களும் மாணவர்களே.

இவர்களுக்கெல்லாம் மேலே ஒரு மாணவர் மேடை மேலாளராக இருப்பார். தலையில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, நாடகப் பிரதியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு விளக்கு மாற்றத்துக்கும் முன்னால் 'தயார்' என்று எச்சரித்து, சரியான சொல் மேடையில் விழுந்ததும் 'போடு' என்பார். அரங்கேற்றம் தொடங்கிவிட்டால் இயக்குநரான ஆசிரியர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துவிடுவதுதான் முறை. பிறகு நடப்பதெல்லாம் அந்தப் பதினேழு வயதுப் பிள்ளையின் பொறுப்பு. நடிகர் ஒருவர் இரண்டு பக்க வசனத்தைத் தாண்டிப் போய்விட்டால், இடையில் விடுபட்ட விளக்குகளையும் ஒலிகளையும் என்ன செய்வது என்று அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான்.

மேடை ஓரத்தில் ஒரு மேசை இருக்கும். அதன்மேல் காகிதம் விரித்து, கடிதம், விளக்கு, கைத்தடி, கோப்பை என்று ஒவ்வொரு பொருளுக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்கிப் பெயர் எழுதியிருப்பார்கள். ஒரு பார்வையில் எது இல்லை என்று தெரிந்துவிடும். அடுத்தவர் பொருளைத் தொடாதே, உன் பொருளை இருந்த இடத்தில் வை என்பது அங்கே சட்டம். கடிதம் இடத்தில் இல்லையென்றால் மேடையில் ஒருவன் வெறுங்கையோடு நிற்பான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தன் கவனக்குறைவு இன்னொருவரை எப்படிப் பாதிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் இடம் பள்ளியில் குறைவு. தேர்வில் தவறினால் தனக்கு நட்டம். இங்கே தவறினால் நண்பனுக்கு நட்டம்.

ஓர் ஊர், ஓர் ஆசிரியர்

பென்சில்வேனியாவின் லெவிட்டவுன், 1950-களில் ஒரே மாதிரி வீடுகளாகச் சுமார் 17,000 கட்டி உருவாக்கப்பட்ட ஊர். பக்கத்தில் உருக்காலை, அதை நம்பிய குடும்பங்கள். ஆலை நலிந்தபோது ஊரும் நலிந்தது. அங்கே ஹாரி எஸ். ட்ரூமன் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராகச் சேர்ந்த லூ வோல்ப்பி, நாடகப் பயிற்சி எதுவும் இல்லாமலே நாடகப் பொறுப்பை ஏற்று, நாற்பதாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். அவருடைய பழைய மாணவரான பத்திரிகையாளர் மைக்கேல் சோக்கலோவ் 2013-ல் வெளியிட்ட 'டிராமா ஹை' நூல் அந்தக் கதையைச் சொல்கிறது.

பிராட்வே இசை நாடகங்களைப் பள்ளிகளுக்கேற்ப மாற்றி வெளியிடுமுன், அவை பிள்ளைகளிடம் எடுபடுமா என்று முன்னோட்டம் பார்க்க உரிமையாளர்கள் நாடிய பள்ளிகளில் ட்ரூமனும் ஒன்று. 'லே மிசராப்', 'ரென்ட்', 'ஸ்பிரிங் அவேக்கனிங்' போன்றவை அங்கே அப்படி மேடையேறின. பணக்காரப் புறநகர்ப் பள்ளிகளை விட்டு இந்த உருக்காலை ஊரைத் தேடி வந்தது ஏன்? வோல்ப்பி பிள்ளைகளுக்குக் கடினமான நாடகங்களைக் கொடுத்தார்; எளிமைப்படுத்திக் கொடுக்கவில்லை. வறுமை, நோய், பாலுணர்வு, மரணம் ஆகியவை தங்கள் வீட்டிலேயே இருப்பதை அறிந்த பிள்ளைகளிடம், அவற்றைப் பற்றி நேர்மையாகப் பேசும் நாடகத்தைக் கொடுத்தால் அவர்கள் பொய் சொல்லாமல் நடிப்பார்கள் என்று நம்பினார். மூத்தவர்கள் இளையவர்களுக்குப் பழக்கிவிட, அந்த வழக்கம் ஆண்டுதோறும் கைமாறி வந்தது. லார்சனும் பிரவுனும் சொன்ன 'குழுவின் பண்பாடு' நாற்பதாண்டு நிலைத்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ட்ரூமன் பள்ளி ஓர் உதாரணம்.

பார்க்லாண்டில் நடந்தது

2018 பிப்ரவரி 14 அன்று ஃபுளோரிடாவின் பார்க்லாண்டில், மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் உயர்நிலைப் பள்ளியில் முன்னாள் மாணவன் ஒருவன் துப்பாக்கியால் சுட்டு 17 பேரைக் கொன்றான். அந்த நேரத்தில் நாடக ஆசிரியை மெலடி ஹெர்ஸ்ஃபெல்ட், சிறுவர்களுக்கான இசை நாடகம் ஒன்றின் ஒத்திகையை நடத்திக்கொண்டிருந்தார். 65 மாணவர்களைத் தன் அறைக்குள் ஒளித்துவைத்து, காவலர் வரும்வரை காத்தார். பிறகு அந்த மாணவர்கள் திரும்பி வந்து அதே சிறுவர் நாடகத்தை முடித்து மேடையேற்றினார்கள். அவ்வாண்டு ஜூனில் ஹெர்ஸ்ஃபெல்டுக்கு நாடகக் கல்விக்கான டோனி விருது வழங்கப்பட்டது. அவருடைய மாணவர்கள் விருது மேடையில் பாடினார்கள்.

துப்பாக்கிச் சூட்டுக்கு அடுத்த வாரங்களில் துப்பாக்கிச் சட்டத்தை மாற்றக் கோரி எழுந்த மாணவர் இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்களில் கேமரன் காஸ்கி உட்பட நாடக மாணவர்கள் இருந்தார்கள். பதினேழு வயதில் அத்தனை ஒலிவாங்கிகள் முன் தடுமாறாமல் பேசியதைக் கண்டு, இவர்கள் கூலிக்கு வந்த நடிகர்கள் என்று அவதூறு பரப்பியவர்களும் உண்டு. உண்மை எளியது. ஒலிவாங்கி முன் நிற்கவும், சொல்லவேண்டியதைச் சொல்லி நிறுத்தவும், அடுத்தவர் பேசும்போது ஒதுங்கி நிற்கவும் அவர்கள் முன்பே பழகியிருந்தார்கள். நாடகம் அவர்களைப் போராளியாக்கியது என்று சொன்னால் மிகை; அந்தப் பள்ளியில் விவாதப் பயிற்சியும் பத்திரிகைப் பயிற்சியும் வலுவாக இருந்தன. ஆனால் துயரத்துக்குப் பின் கூடி வேலை செய்ய அவர்களுக்கு ஓர் அறையும் ஒரு குழுவும் ஏற்கெனவே இருந்தன. பிள்ளைகள் அங்கே திரும்பிப் போனார்கள்.

குறைகள்

இதையெல்லாம் சொல்லிவிட்டு மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது.

முதல் குறை, எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அமெரிக்க அரசின் கல்விப் புள்ளிவிவர மையம் 2012-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, அரசு இடைநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் இசை கற்பித்தவை 91 விழுக்காடு; ஓவியம் 89; நாடகம் 45 மட்டுமே. தொடக்கப் பள்ளிகளில் நாடகம் பத்தாண்டுக்குள் 20 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாகச் சரிந்திருந்தது. நாடக உரிமைக் கட்டணம், உடை, அரங்கச் செலவு ஆகியவற்றைப் பெற்றோர் தலையில் கட்டும் பள்ளிகளில், பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளை ஒத்திகைக்கு வரவே முடியாது. கேட்டராலின் ஆய்வு யாருக்கு அதிகப் பயன் என்று சொன்னதோ, அவர்களுக்கே கதவு ஒருக்களித்து நிற்கிறது.

இரண்டாவது, பள்ளி நாடகத்துக்குள்ளும் ஒரு படிநிலை உருவாகிவிடும். தனிப் பாட்டு வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் பணம் கட்ட முடிந்தவரின் பிள்ளைக்கே ஆண்டுதோறும் முதன்மைப் பாத்திரம் போகும். போட்டி, பரிசு, பிராட்வே மேடை என்று இலக்கு மாறும்போது ஒத்திகை அறை பயிற்சிக்களமாக இருப்பது நின்று வடிகட்டியாகிவிடுகிறது. பிழை செய்ய அஞ்சும் பிள்ளை எதையும் முயன்று பார்க்காது.

மூன்றாவது, தணிக்கை. 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரக் கலைப் பள்ளியொன்றில், யூத நாடகக் குழு ஒன்றின் வரலாற்றைப் பேசும் 'இன்டீசன்ட்' நாடகம் ஒத்திகைக் கட்டத்தில் நிறுத்தப்பட்டது. மாணவர்கள் வேறு நாடகத்துக்கு மாற்றப்பட்டார்கள். இப்படிப்பட்ட செய்திகளுக்குப் பிறகு ஆசிரியர்கள் யாரும் சொல்லாமலே பாதுகாப்பான நாடகங்களைத் தேடத் தொடங்குகிறார்கள். கசப்பும் ஐயமும் இல்லாத நாடகத்தில் இன்னொருவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க என்ன இருக்கிறது? பிள்ளைகளைக் காப்பதாக எண்ணி, நாடகத்தின் பயனையே வெட்டியெறிவதாகத்தான் அது முடிகிறது.

தீர்ப்பு

ஆய்வுகள் சொல்வதை ஒரே தட்டில் வைத்தால் இவ்வளவு உறுதியாகச் சொல்லலாம். பள்ளி நாடகம் மதிப்பெண்ணைக் கூட்டும் என்று வாக்குறுதி தருவது தவறு. அந்த வாக்குறுதி பொய்க்கும்போது நாடகத்தையே நிறுத்துவதற்கு அது காரணமாகிவிடும். கதையைப் புரிந்துகொள்ளும் திறனுக்கும், பிறர் மனத்தை நோக்கும் பழக்கத்துக்கும், தன் உணர்ச்சியைத் தானே கண்டு ஆளும் பயிற்சிக்கும் அது உதவுகிறது. அந்த உதவி ஒத்திகையின் நீளத்தையும், பொறுப்பு எத்தனை பேருக்குப் பகிரப்படுகிறது என்பதையும், அறையில் இருக்கும் பெரியவரின் குணத்தையும் பொறுத்தது. இரண்டு வாரத்தில் அவசரமாகப் போட்டு முடிக்கும் நாடகத்தில் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு புகைப்படம் மட்டுமே.

ஆகவே உங்கள் பிள்ளையின் பள்ளியில் நாடகம் உண்டு என்றால், விழா அன்று போய்க் கைதட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். எத்தனை வாரம் ஒத்திகை நடக்கிறது, மேடைக்குப் பின்னால் எத்தனை பிள்ளைகளுக்கு வேலை இருக்கிறது, அதை நடத்தும் ஆசிரியருக்கு அந்த நேரம் பணிநேரமாகக் கணக்கில் வருகிறதா என்ற மூன்று கேள்விகளைத் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், உங்கள் பிள்ளைக்கு என்ன வேடம் கிடைத்தது என்பது பெரிய விஷயமே அல்ல.